ஒட்டுவேலை என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் கிற்றார் வாசிக்க விரும்பும் வன்னி இளைஞர்களுக்கு அறிவுரை கூறி, தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். பழைய கருவியை வாங்கி அதை மாற்றியமைப்பதில் காலத்தைப் போக்காமல், உடல், கழுத்து, தந்தியின் அசைவை மின்குறிகையாக்கும் காந்தச் சுருள் முதலிய பாகங்களைத் தனித்தனியே தருவித்துத் தமக்கென ஒரு கருவியைப் பொருத்திக்கொள்வதே மலிவானதும் மேலானதும் என்பது அவருடைய கட்சி. மாற்றியமைப்பதை அவர் "ஒட்டுவேலை" என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரவேலை கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இரண்டு வழிகளிலும் கை வைத்திருக்கிறேன், ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். அதனால் அந்தச் சொல்லுக்கு மறுமொழி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் கூறுவதில் ஓர் உண்மை உண்டு. மின் கிற்றார் பாகம் பாகமாகப் பிரித்துச் சேர்ப்பதற்கு மிகவும் இசைந்த கருவி. வயலினின் கழுத்தைப் பசையிலிருந்து பிரித்தெடுப்பதற்குப் பழகிய கை வேண்டும். ஒரே மரத்தில் குடைந்த வீணையில் பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. பலவகை மின் கிற்றார்களிலோ நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கழுத்து கையோடு வந்துவிடும். இந்த அமைப்புள்ள கிற்றாரை 1950ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்து, 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரை அதற்கு நிலைக்கச் செய்தவர் லியோ பெண்டர். கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. திருத்துபவரின் கண்ணால் பார்த்தே அவர் அதை வடிவமைத்தார்: கழுத்து தேய்ந்தால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம், இணைப்பு விட்டுப்போனால் தகட்டைத் திறந்து ஈயம் வைக்கலாம். ஆகவே பாகங்களை வாங்கிப் பொருத்தும் இன்றைய வழக்கம், திருத்தும் வசதிக்காகச் செய்த ஏற்பாட்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை. பிள்ளை தாயைப் பார்த்து ஒட்டுவேலை என்று சொல்வது அழகன்று.

புகழ்பெற்ற ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்டன் நெடுங்காலம் மேடைகளில் வாசித்த "பிளாக்கி" என்னும் கறுப்புக் கிற்றார், பெண்டரின் இன்னொரு மாதிரியான ஸ்ட்ராட்டோகாஸ்டர் பழையவை மூன்றில் நல்லவையாக இருந்த பாகங்களை எடுத்து ஒன்றாக்கியது. 2004ஆம் ஆண்டில் அது ஏலத்தில் 959,500 டொலருக்கு விலைபோனது. நம் வளவுகளில் நிற்கும் ஒட்டு மாமரங்களும் ஒட்டுவேலைதான். காய்க்கும் காலத்தில் எவரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம் கிடைக்காமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்ட ஊர் இது. இங்கே அந்தச் சொல்லை இகழ்ச்சியாகப் பயன்படுத்துவது எனக்குச் சற்று வலிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி என் சொந்த அனுபவம். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் என் தங்கையின் மகனுக்காக 2019ஆம் ஆண்டில் இணையவழியாக ஒரு விற்பனையாளரிடம் உடலையும் இன்னொருவரிடம் கழுத்தையும் வாங்கினேன். உடலில் குதிரை பூட்டுவதற்கான துளைகள் ஏற்கெனவே இடப்பட்டிருந்தன. வீணைக்காரர் குதிரை என்பதையே கிற்றார்க்காரர் பிரிட்ஜ் என்பர். அதுபோலவே கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளை அவர்கள் பிரெட் என்பதை நான் மெட்டு என்றே எழுதுகிறேன், எனக்கு அச்சொல்லே கைவந்தது. கழுத்தின் அடிப்பகுதி 56 மில்லிமீற்றர் அகலம். உடலில் வெட்டியிருந்த பள்ளத்தில் கையால் அழுத்தியவுடன் இறுக்கமாக உட்கார்ந்தது. மரவேலை செய்பவனுக்கு மூட்டு அப்படி உட்காரும்போது வரும் மகிழ்ச்சியில் புத்தி சற்று மங்கிவிடும். எல்லாம் சரியென்று எண்ணி, மூன்று வாரம் தேய்த்தும் பூசியும் உடலைக் கறுப்பு நிறத்தில் கண்ணாடி போல மினுக்கினேன்.

தந்தி பூட்டிய அன்றுதான் வினை தெரிந்தது. வெறுந்தந்தி சுருதி சேர்ந்தது. பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் வர வேண்டிய மேல் சட்ஜம் வரவில்லை. அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இறங்கி ஒலித்தது. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் நிற்க வேண்டும் என்பதே இக்கருவியின் முதல் விதி. வாங்கும்போது கழுத்தின் அளவு, அதாவது அதற்குரிய தந்தியின் முழு நீளம், 648 மில்லிமீற்றர் என்று குறிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கிச் செல்லும் தந்திப்படியிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை 324 மில்லிமீற்றர் இருந்திருக்க வேண்டும். அடிமட்டத்தை வைத்தபோது 314தான் இருந்தது. அது 628 மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டிய கழுத்து. மெட்டிலிருந்து குதிரைவரையுள்ள தூரமோ 328. இந்த 14 மில்லிமீற்றர் வேறுபாட்டைக் குதிரையின் திருகாணிகளால் ஈடுசெய்ய முடியாது. அவை முன்னும் பின்னும் விட்டுக்கொடுக்கும் தூரம் அதைவிடக் குறைவு. நீளமான அளவுக்குத் துளையிட்ட உடலில் குறுகிய அளவுக் கழுத்து சரியாகப் பொருந்தும்படி அடிப்பகுதியைக் கணக்கிட்டு வெட்டிய கழுத்துகளும் விற்பனைக்கு உண்டு. எனக்கு வந்தது அந்த வகையன்று.

விற்பனையாளரின் பெயரை எழுதி இந்தக் கடிதத்தைச் சண்டைக் கடிதமாக்க விரும்பவில்லை. திருப்பி அனுப்பும் செலவு கழுத்தின் விலையை எட்டியதால் அந்த எண்ணத்தையும் கைவிட்டேன். பழைய துளைகளை வேப்பமர முளைகளால் அடைத்து, குதிரையை 14 மில்லிமீற்றர் முன்னே நகர்த்தி, அதனால் இடித்த காந்தச் சுருளின் பள்ளத்தையும் முன்னே தள்ளிக் குடைந்து, மினுக்கிய கறுப்பையெல்லாம் மறுபடி தேய்த்தெடுத்தேன். புதிதாகப் பொருத்துவதாகத் தொடங்கிய வேலை ஒட்டுவேலையாகவே முடிந்தது. சாயம் பூசுவதற்கு முன் கழுத்தை உடலில் வைத்து, பன்னிரண்டாம் மெட்டுக்கு இரு பக்கமும் உள்ள தூரத்தை அளந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அத்துடன் இரு ஓரத் தந்திகளுக்குப் பதிலாக நூல் கட்டி, அவை கழுத்தின் விளிம்புகளிலிருந்து ஒரே அளவு உள்ளே ஓடுகின்றனவா என்று பார்ப்பதும் நல்லது. மாணவர்களுக்கு முப்பது வருடம் "இரண்டு முறை அள, ஒரு முறை வெட்டு" என்று சொன்னவன் நான். ஒரு முறைகூட அளக்கவில்லை.

பாகங்களை வாங்குவோர் அறியாத இன்னொன்று, மெட்டுகளின் வேலை. அவை எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு எளிதானது: தந்தியின் முழு நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும், எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது வரும். 648 மில்லிமீற்றரில் முதல் மெட்டு 36.4இல் நிற்கும். இதைத் தொழிற்சாலை இயந்திரம் பிழையின்றிச் செய்துவிடுகிறது. மெட்டுகளின் உயரம்தான் சிக்கல். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுபவை. பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி மேளம் கட்டலாம், அதாவது மெட்டுகளைச் சுருதிப்படி மீண்டும் பதிக்கலாம். கிற்றாரின் மெட்டுகள் மரத்தில் வெட்டிய காடியில் அடித்து இறக்கப்படுபவை. அவற்றுள் ஒன்று மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு உயர்ந்து நின்றாலும், அதற்கு முன்னுள்ள மெட்டில் விரல் வைக்கும்போது தந்தி அதில் உரசி இரையும். எல்லா மெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு அராவி, அராவியதால் தட்டையான தலைகளை மீண்டும் வளைவாக்கி, பிறகு மினுக்க வேண்டும். அதற்குரிய குழிவான அரமும், தந்திப்படியில் காடி வெட்டும் மெல்லிய அரங்களும் நம் ஊர் இரும்புக் கடைகளில் நான் கண்டதில்லை. முழுக் கருவியாக விற்கப்பட்டு, சில வருடம் ஒருவர் வாசித்த கிற்றாரில் இந்த வேலை பெரும்பாலும் ஏற்கெனவே நடந்திருக்கும். தனியாக வரும் மலிவான கழுத்தில் அது நம் தலையில் விழும்.

அத்துடன் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 46 கிலோகிராம் நிறைக்கு ஈடானது. ஓர் உரமூடைக்குச் சற்றே குறைவு. அந்த இழுவையை எதிர்த்து நிற்பது கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்னும் இரும்புக் கோல். நம் காலநிலை இதில் புகுந்து விளையாடும். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சுருங்கும். சுருங்கும்போது மரம் உள்வாங்க, உலோக மெட்டுகளின் நுனிகள் மட்டும் வெளியே நீட்டி, கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் முள்ளாகக் குத்தும். இரண்டு மாரியும் இரண்டு கோடையும் இந்த ஊரிலேயே கழித்த பழைய கழுத்து தன் ஆட்டத்தை ஆடி முடித்திருக்கும். கடல் கடந்து பெட்டியில் வந்த புதுக் கழுத்து இனிமேல்தான் ஆடத் தொடங்கும்.

உடலை நாமே நம் மரத்தில் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மரத்துக்குப் பஞ்சமில்லாத வன்னியில் இது நியாயமான கேள்வி. ஆனால் நம் பெருமைக்குரிய பாலையும் முதிரையும் இதற்கு ஆகா. சாதாரண அளவுள்ள உடலொன்றை முதிரையில் செய்தால் உடல் மட்டுமே நான்கு கிலோ வரும். முழுக் கிற்றாருக்கே மூன்றரைக் கிலோ போதும். இரண்டு மணிநேரத் திருவிழாக் கச்சேரியில் அதைத் தோளில் தொங்கவிட்டவன் மறுநாள் பரியாரியைத் தேடுவான். மலைவேம்பு இலகுவானது, பலா நடுத்தரமானது. என் கருத்தில், மின் கிற்றாரின் ஒலியைத் தீர்மானிப்பதில் தந்திக்கும் காந்தச் சுருளுக்கும் அடுத்தபடியாகவே மர இனம் வரும். மரம் எவ்வளவு காய்ந்தது என்பதுதான் முக்கியம். உடலுக்கு 45 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். அந்தத் தடிப்பில் அரிந்த பச்சைப் பலகை நிழலில் காய்வதற்கு இரண்டு வருடமாவது ஆகும். பலா மரத்தை வெட்டுவதற்கு, அது நம் சொந்த வளவில் நின்றாலும், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும் இளைஞர்கள் மறக்கக் கூடாது.

பழைய கருவியை மாற்றியமைப்பதில் எந்த வேலையை முதலில் செய்வது என்பதிலேயே பலர் தவறுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் விட்டுச்சென்ற கிற்றார்களும், பாடசாலை வாத்தியக் குழுக்களில் ஓய்ந்துபோனவையும் என்னிடம் வருவதுண்டு. கொண்டுவருபவர் பெரும்பாலும் கேட்பது புதிய காந்தச் சுருள். அவர் கருவியிலோ தந்திகள் துருப்பிடித்திருக்கும், தந்திப்படியின் காடிகள் ஆழமாகவோ மேடாகவோ இருக்கும், கழுத்து வளைந்திருக்கும், குதிரை ஒருநாளும் சரிபார்க்கப்பட்டிராது. இவற்றை முதலில் ஒழுங்காக்கினால் பாதிப்பேருக்குச் சுருளை மாற்றும் தேவையே எழாது. ட்ரஸ் ரொட்டைத் திருப்பும்போது ஒரு நேரத்தில் கால்சுற்றுக்கு மேல் போக வேண்டாம். திருப்பிவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இரைச்சல். காந்தச் சுருள் என்பது காந்தத்தைச் சுற்றிய, மயிரிழை போன்ற செப்புக் கம்பியின் பல்லாயிரம் சுற்றுகள். தந்தியின் அசைவை மட்டுமன்றி, சுவருக்குள் ஓடும் 50 ஹேர்ட்ஸ் மின்னின் புலத்தையும் அது வாங்கிக்கொள்ளும். இந்த ரீங்காரத்தை நீக்கவே கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியாளர், எதிரெதிராகச் சுற்றி எதிர்க்காந்தம் கொடுத்த இரட்டைச் சுருளை 1955இல் உருவாக்கினார். இரு சுருள்களிலும் தந்தியின் குறிகை ஒன்றுசேர்ந்து வலுக்கும், இரைச்சலோ ஒன்றையொன்று கழித்துவிடும். ஒற்றைச் சுருள் போடும் பள்ளத்திலேயே அடங்கும் இரட்டைச் சுருள்களும் உள்ளன. அவற்றை வாங்கினால் மரத்தில் உளி படத் தேவையில்லை. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் என்பது ஒலிக் குமிழ்களுக்குரிய வழக்கமான அளவு. பழைய குமிழை அப்படியே விட்டுவிட்டு இரட்டைச் சுருள் போட்டவர்களே பிறகு ஒலி மங்கிவிட்டது என்று குறைப்படுகிறார்கள். இவ்வளவுக்கும் போகாமல், பள்ளங்களின் உட்புறத்தில் செப்புத் தாள் ஒட்டி அதைப் புவித்தொடுப்புடன் இணைத்தாலே வெளியிரைச்சல் கணிசமாகக் குறையும். அலுமினியத் தாள் மலிவுதான், ஆனால் அதில் ஈயம் பற்றாது.

இங்கே ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். கோயில் வீதியில் மின்பிறப்பாக்கியை வைத்து, புவித்தொடுப்பு இல்லாத நீட்டிப்பு வயரில் அம்பிளிபயரையும் ஒலிவாங்கியையும் இணைத்து வாசிக்கும்போது, தந்தியில் கையும் ஒலிவாங்கியில் உதடும் பட்டால் மின் தாக்கக்கூடும். இது கிற்றாரின் குறையன்று, அதைத் திருத்தினாலும் தீராது. மேடை அமைப்பவர் புவித்தொடுப்புள்ள வயரைப் பயன்படுத்தி, நிலத்தில் செப்புக் கோல் இறக்கி அதனுடன் இணைக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால், தலைப்பைச் சற்று விலகியும் எழுதினேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாகம் ஒவ்வொன்றுக்கும் தனித் தபாற்செலவும் தனிச் சுங்கமும் உண்டு. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைக் கண்ட நமக்கு, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. பாகங்களின் விலையைக் கூட்டிக் காட்டிய அன்பர், கருவிப் பெட்டியின் விலையைக் கூட்டவில்லை.

ஆயினும் புதிதாகச் செய்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. எங்கள் பகுதியில் ஓர் இளைஞர் போரில் இடக்கையின் இரு விரல்களை இழந்தவர். மெட்டில் வைக்க வலக்கையையும் மீட்டுவதற்கு இடக்கையையும் பழக்கிக்கொண்டார். அதற்கு இடக்கைக் கிற்றார் வேண்டும், கடைகளிலோ அது அரிது. பர்மிங்காமின் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வயதில் வலக்கை விரல்நுனிகளை இழந்த, இடக்கைக்காரரான கிற்றார்க் கலைஞர் டோனி ஐயோமி, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்து, மெல்லிய தந்தி பூட்டி வாசித்து உலகப் புகழ் பெற்றவர் என்ற கதையை நான்தான் இந்தத் தம்பிக்குச் சொன்னேன். "அவருக்கு இடக்கைக் கிற்றார் கிடைத்ததுதானே, சேர்" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, உளியை எடுத்தேன்.

மீள்குடியேறியபோது எங்கள் வீட்டில் எஞ்சியிருந்த பலாமரக் கதவின் இரண்டு பலகைகளைச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உடலை வலம் இடமாக மாற்றி வெட்டினேன். அறுபது வருடம் காய்ந்த மரம். வாள் போகும்போது இன்னும் மஞ்சளாகத் தூள் பறந்தது. கழுத்து, குதிரை, காந்தச் சுருள் ஆகியவற்றை, கிளிநொச்சியில் குறைந்த விலைக்கு வாங்கிய, உடல் வெடித்த பழைய கிற்றார் ஒன்றிலிருந்து எடுத்தேன். வலக்கைக் கழுத்தைத் தலைகீழாகப் பூட்டி, தந்திப்படியை மட்டும் எலும்பில் புதிதாக வெட்டினால் போதுமாயிருந்தது. இம்முறை 324ஐ நான்கு தடவை அளந்தேன். அவர் இப்போது அதில்தான் வாசிக்கிறார். ஆளுக்கேற்ற தேவை வரும்போது உடலைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். அப்போதுகூடக் கழுத்தை ஏற்கெனவே வாசித்துப் பழகிய கருவியிலிருந்து எடுப்பதே நம் சூழலுக்கு ஏற்றது என்பது என் துணிபு.

வன்னியிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. தனிப் பாடநெறி ஏதும் தேவையில்லை. மரவேலைக் கூடமொன்றில் மெட்டு அராவும் அரமும், நேர்விளிம்பு அடிமட்டமும், தந்திப்படி அரத் தொகுதியும் ஒவ்வொன்று வாங்கி வைத்து, சனிக்கிழமைகளில் இளைஞர்கள் தங்கள் கிற்றார்களைக் கொண்டுவந்து வேலை செய்ய இடமளித்தால் போதும். கற்பிக்க ஆள் இல்லையென்றால் நான் வருவேன். பேருந்துச் செலவும் வேண்டாம்.

ஒட்டுவேலை என்று எழுதிய அன்பரிடம் எனக்குக் கோபம் ஏதுமில்லை. மல்லாவிப் பக்கம் அவர் வந்தால், தாம் பொருத்திய கிற்றாரையும் கொண்டுவரட்டும்; அடிமட்டம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர்,
மல்லாவி.